வரப்போகிறவளுக்கு ஒரு புத்தகம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா, அண்ணியின் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். போனில் பேசலாமே என்பீர்கள். போன் கூடத்து நடுவில் இருக்கிறது. நான் ஹலோ என்றதுமே அத்தையின் செவிட்டுக் காது திறந்துகொள்ளும்.

கல்யாணமாகி வந்து என் தையல் மிஷினுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை. ஜன்னலோரம் ஒரு நாற்காலி இருக்கிறது. அவருடைய முதல் மனைவி, இறந்துபோன அக்கா, உட்கார்ந்து படித்த நாற்காலி. அதில் உட்காராதே என்று யாரும் சொல்லவில்லை, யாரும் உட்காருவதும் இல்லை. மெத்தையில் அக்கா உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. நான் அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறேன்.

அவர்கள் மகள் பெயரைச் சொல்லி இங்கே யாரும் கூப்பிடுவதில்லை, மிளகு என்பார்கள். ஆள் சின்னது, காரம் அதிகம். என்னை அவள் எதுவும் கூப்பிடுவதில்லை. நான் பக்கத்தில் நிற்கும்போதே அத்தையிடம், "அவங்ககிட்ட சொல்லுங்க, எனக்குப் பசிக்கல" என்பாள். இந்த ஊரில் செப்டம்பரில்தான் பள்ளி திறக்கும். அப்போது அவளுடைய பெரியம்மா வீட்டுக்கே போய், அங்கேயே இருந்து படிக்கலாம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். போவதா இருப்பதா என்று அவளே முடிவு செய்வாள். அவர் ஒருநாள் சொன்னார், "மிளகு போயிட்டா இந்த வீடு வெறும் சுவருதான்." பெண்ணைத் துரத்தியவள் என்ற பேரோடு அந்தச் சுவருக்குள் என்னால் இருக்க முடியாது அண்ணா.

இந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. யாருக்குப் பிறந்தநாளோ அவர் தலையணைக்கு அடியில் காலையில் ஒரு புத்தகம் இருக்கும். வைத்துக்கொண்டிருந்தவர் போய்விட்டார். "இனிமே யாரு வெப்பா?" என்று கேட்டுவிட்டு அத்தை என்னைப் பார்த்தார். இந்த மாதக் கடைசியில் என் வீட்டுக்காரருக்குப் பிறந்தநாள். எனக்குத் தெரிந்தது துணியும் ஊசியும்தான். நீங்கள்தான் தேர்ந்து அனுப்ப வேண்டும்.

அளவு எழுதுகிறேன். லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்தைந்து வயது, பேச்சு குறைவு. புத்தகத்தை எடுத்தால் முதலில் கடைசிப் பக்கத்தைப் படிப்பார். ஏன் என்று கேட்டேன். "எப்ப வேணா கூப்பிடுவாங்க, எவனாவது லிஃப்டுக்குள்ள மாட்டியிருப்பான். முடிவு தெரியாம பாதியில எழுந்து போக முடியாது" என்றார்.

அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை


மார்ச் 11

அருமைத் தங்கைக்கு,

அண்ணனின் ஆசி. முழங்கால் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது, வலியும் அப்படியே. அண்ணி நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "புத்தகக் கடைக்காரன் தங்கச்சி, கட்டிக் கொடுக்கிற தாளைத் தவிர எதையும் படிச்சதில்ல. அவ போய் புத்தகம் கேக்கறா பாரு" என்று சிரித்தாள்.

நடைபாதையில் சாக்கு விரித்த நாளிலிருந்து நான் கற்ற தொழிலைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். தோட்டம் பிடித்தவருக்குத் தோட்டப் புத்தகம் கொடுப்பவன் பரிசு கொடுக்கவில்லை, சுமை ஏற்றுகிறான். அவரிடம் அது ஏற்கனவே ஒரு தட்டு நிறைய இருக்கும். போன வாரம் ஒருவர், ஓய்வுபெற்ற மாலுமியான மாமனாருக்கு என்று கடல் புத்தகமாகப் பொறுக்கி வைத்திருந்தார். "அவரு பார்க்காத கடலா சார்? மலையைக் கொடுங்க" என்றேன். பல் டாக்டருக்கு வாயைத் திறந்து சிரிக்கிற மாதிரி ஒன்று. கணக்கு வாத்தியாருக்குப் பேய்க்கதை கொடுப்பேன், விடை வராத சங்கதி அவருக்கும் ஒன்று இருக்கட்டுமே. ஆள் எதைப் படிக்கிறார் என்பது எனக்கு முக்கியமில்லை. எந்த இடத்தில் மூடி வைக்கிறார் என்று சொன்னால் போதும்.

நீ நன்றாக அளவெடுத்திருக்கிறாய். கடைசிப் பக்கம் என்ற வார்த்தையைப் படிக்கும்போதே கை அலமாரிக்குப் போய்விட்டது. கலங்கரை விளக்கத்தில் தனியாக இருக்கும் ஒருவனைப் பற்றிய நாவல். கடைசிப் பக்கத்தில் அவன் விளக்கைத் துடைக்கிறான், அவ்வளவுதான். அதை முதலில் படித்தாலும் ஒன்றும் பிடிபடாது. ஏன் துடைக்கிறான் என்று தெரிந்துகொள்ள முழுதும் படித்தே ஆக வேண்டும். இத்தனை சீக்கிரம் எனக்கு ஒரு புத்தகம் தோன்றியதே இல்லை. மாப்பிள்ளை எனக்கு நெருக்கமானவர்தான் போலிருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. குனிந்து தைத்துத் தைத்து முதுகைக் கெடுத்துக்கொள்ளாதே.

அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். புத்தகம் நேரத்துக்கு வந்தது. சொன்னபடி தலையணைக்கு அடியில் வைத்தேன்.

காலையில் அவர் எடுத்துப் பார்த்தார். கடைசிப் பக்கத்தைப் புரட்டவில்லை. எழுந்து கூடத்துக்குப் போய், அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவிக்கொண்டு வந்து இதன் பக்கத்தில் வைத்தார். அதே கலங்கரை விளக்கம், அதே அட்டை. முன்பு ஒரு பிறந்தநாளுக்கு அதே தலையணையின் அடியில் வந்ததாம்.

"பரவால்ல, ஒண்ணு தொலைஞ்சா ஒண்ணு இருக்கட்டும்" என்றார். வாசலில் நின்று பார்த்த மிளகு தன் அறைக்குப் போய்விட்டாள்.

"அக்கா எங்கே வாங்குவாங்க?" என்று கேட்டேன். "தெரியாது. கேட்டா, எனக்குன்னு ஒரு ஆளு இருக்காரும்பா. சிரிப்பா. விட்டுடுவேன்."

தற்செயல்தான். அடுத்தது அத்தை பிறந்தநாள். இவர் அளவு கொஞ்சம் சிக்கல். கண் தெரியவில்லை என்பார், ஆனால் எதிர்வீட்டு மாடியில் காயும் துணி யாருடையது என்று சொல்வார். மடியில் பக்திப் புத்தகம் இருக்கும். பூதக்கண்ணாடி அதற்கு உள்ளே இருக்கிற கொலைக்கதை மேல் இருக்கும். கொலைகாரன் பிடிபடுவதற்குக் கொஞ்சம் முன்னால் மூடி வைத்துவிட்டு, "நான் சொல்றேன் பாரு, அந்த வக்கீல்தான்" என்று வீட்டில் எல்லோரையும் நிறுத்திச் சொல்லிவிட்டுத்தான் மேலே படிப்பார்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

தங்கை


ஏப்ரல் 10

தங்கைக்கு,

ஆசி. இங்கே நலம். மழை பெய்து கடையின் பின்சுவர் ஒழுகுகிறது. கவிதை அடுக்கை நகர்த்தி வைத்தேன். விற்காத சரக்கு நனைந்தாலும் மனசு கேட்கவில்லை.

ஒரே புத்தகம் வீட்டில் இரண்டு சேர்வது ஊருலகத்தில் நடப்பதுதான். நல்ல புத்தகம் நாலு பேர் கையில் படும். மனசை அலட்டிக்கொள்ளாதே.

உன் அத்தைக்கு நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பெரிய எழுத்தில் துப்பறியும் கதைத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கதையிலும் விடைக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பக்கம் விட்டிருப்பார்கள், நிறுத்தி வைத்து வீட்டாரை மிரட்ட வசதியாக இருக்கும். கறுப்புத் துணி அட்டை. பார்த்தால் தோத்திரப் புத்தகம் என்றுதான் நினைப்பார்கள். பொட்டலம் கட்டும்போது எனக்கே சிரிப்பு வந்தது. இந்த மாமியாரை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. நம் வாடிக்கையில் மாமியார்களுக்கா பஞ்சம்.

அண்ணி உன்னைக் கேட்டாள்.

அண்ணன்


மே 6

அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகமா? நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

அத்தை அந்தக் கறுப்பு அட்டையைத் தடவிப் பார்த்தார். உள்ளே திறந்து வெள்ளைப் பக்கத்தைத் தேடி எடுத்தார். பிறகு தன் கட்டிலுக்கு அடியிலிருந்து இதே புத்தகத்தை எடுத்தார். முனை மடிந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு. "அவதான் இதையும் குடுத்தா" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து என்னை அக்காவின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். முதலில் வாய் தவறிவிட்டது என்று நினைத்தேன். நேற்றுக் காலை மிஷினில் இருந்தேன். உள்ளிருந்து அந்தப் பெயர் கேட்டது. "வர்றேன்" என்று சொல்லிவிட்டேன் அண்ணா. சொன்ன பிறகுதான் யார் பெயருக்குப் பதில் சொன்னேன் என்று உறைத்தது.

அவரும் மாறிவிட்டார். சாப்பிடும்போது நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். நான் தண்ணீர் வைக்கும் விதத்தை, தலை முடிகிற விதத்தை எல்லாம். முதல் தடவையாக ஒரு புருஷன் பார்க்கிற பார்வை. ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

மிளகு மட்டும் நேரே கேட்டாள், இந்த முறை பாட்டி வழியாக இல்லை. "எங்கம்மா அலமாரியத் தொறந்தீங்களா?" அவள் அறையில் ஒரு மர அலமாரி இருக்கிறது. அம்மாவின் புத்தகங்கள். சாவி அவள் கழுத்தில் தொங்குகிறது. "சாவி உன்கிட்டதானே இருக்கு" என்றேன். "அப்புறம் எப்படித் தெரியுது உங்களுக்கு? யாரு சொல்றாங்க?" என்றாள்.

ஜூலைக் கடைசியில் அவளுக்குப் பிறந்தநாள். அலமாரி அருகில் நின்றபடியே படிப்பாள், யாராவது வந்தால் டக்கென்று வைத்துவிடலாம் என்று. எந்தப் புத்தகத்திலும் கடைசி அத்தியாயம் மட்டும் படிக்க மாட்டாள். "முடிஞ்சா முடிஞ்சிடும்" என்பாள். இவளுக்கும் தவறினால் அவள் போய்விடுவாள்.

அவருக்கு வேலையில் கை நசுங்கிக் கட்டுப்போட்டிருக்கிறார்கள். வீட்டில்தான் இருக்கிறார். இந்தப் பேட்டையில் உங்களுக்கு வாடிக்கை யாராவது உண்டா? உடனே எழுதுங்கள்.

தங்கை


ஜூன் 20

தங்கைக்கு,

ஆசி. பதில் தாமதமாகிவிட்டது. பின்சுவர் வேலை, பள்ளிக்கூட ஆர்டர், இரண்டும் சேர்ந்துகொண்டன. அண்ணிக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. இப்போதெல்லாம் கடை போன் அடித்தால் அவளையே எடுக்கச் சொல்கிறேன்.

உன் பேட்டையில் வாடிக்கை உண்டா என்று கேட்டிருந்தாய். தபாலில் அனுப்புகிற கடைக்கு எல்லா ஊரிலும்தான் வாடிக்கை.

உன் அத்தை பிரியமாக இருக்கிறார். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்க்கிறார். நல்லது நடக்கும்போது அதை ஏன் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டும்? எதையும் கிளறாமல் இரு.

கை சரியில்லாமல் படுத்திருக்கும் மாப்பிள்ளைக்கு ஒரு புத்தகம் அனுப்பியிருக்கிறேன். பாலைவனத்தைக் கழுதை மேல் கடந்த ஒரு தபால்காரரின் கதை. ஒரு கையாலேயே பிடித்துப் படிக்கலாம், சின்னப் புத்தகம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஜூலை 12

அண்ணாவுக்கு,

தங்கை. நலம்.

நான் கேட்காமலே அனுப்பிய தபால்காரர் வந்து சேர்ந்தார். இந்த வீட்டில் அவருக்கு ஏற்கனவே இடம் இருந்தது. முன்பு இவர் காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்தபோது வந்ததாம். கட்டுப் போட்ட கையால் இரண்டையும் மார்பில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு என் தலையைத் தடவினார். எனக்கு அது பிடித்திருந்தது. ஒளிக்காமல் எழுதுகிறேன், பிடித்திருந்தது. பயமாகவும் இருந்தது. நான் இல்லாத ஓர் ஆளாக இருந்தால்தான் இந்த வீட்டில் எனக்கு அன்பு கிடைக்கும் என்றால், என் உடம்புக்குள் எனக்கு என்ன வேலை?

மிளகு என்னோடு ஒரே மேஜையில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பெரியம்மாவுக்குப் போன் பண்ணி, "பெட்டி எடுத்து வெச்சாச்சு" என்று என் காதில் விழும்படி சொன்னாள்.

அவளுக்கு மட்டும் உலகத்தில் எந்தத் தாயும் மகளுக்குக் கொடுத்திருக்க முடியாத ஒரு புத்தகம் அனுப்புங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

தங்கை


ஜூலை 19

தங்கைக்கு,

மிளகுக்குப் புத்தகம் வேண்டாம். கையால் எதையாவது தைத்துக் கொடு.

கடைக்கு வந்த ஆளை வெறும் கையோடு திருப்பி அனுப்புவது எனக்கு இதுதான் முதல் தடவை. காரணம் கேட்காதே.

அண்ணன்


ஆகஸ்ட் 5

அண்ணாவுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் இல்லை. அண்ணி நலமாக இருக்கட்டும்.

மிளகுக்கு ஒரு கவுன் தைத்தேன். இரண்டு பக்கமும் ஆழமான பை, புத்தகம் போகிற அளவு. தலையணைக்கு அடியில் வைத்தேன். காலையில் அதைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தாள்.

"புத்தகம் எங்கே?"

"புத்தகம் இல்லம்மா."

"ஏன்? எங்கம்மா இந்தத் தடவை உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

அவர் எழுந்து நின்றார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். மிளகு என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கழுத்துச் சாவியால் அலமாரியைத் திறந்தாள். "பாத்துக்குங்க. திருட்டுத்தனமா எதுக்கு? எல்லாத்தையும் பாத்துட்டு நீங்களே எங்கம்மாவா இருந்துக்குங்க. நான் பெரியம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள். கையைப் பிடித்து ஒவ்வொரு தட்டாகத் தொட வைத்தாள்.

புத்தகங்களை நான் பார்க்கவில்லை. தட்டுகளில் விரித்திருந்த தாளைப் பார்த்தேன். பழுப்புத் தாள். அதில் நீலமையில் ஒரு கப்பல். அண்ணா, அந்தக் கப்பலில் கொடி ஒரு பக்கம் பறக்கிறது, பாய் இன்னொரு பக்கம் உப்பியிருக்கிறது. நம் கடைப் பொட்டலத் தாளில் குத்த, செருப்பு ரப்பரில் அந்த முத்திரையை உங்களுக்கு வெட்டிக் கொடுத்தவள் நான். அச்சில் திரும்பி விழும் என்று யோசிக்காமல் கொடியை மட்டும் மாற்றி வெட்டிவிட்டேன். "காத்து ரெண்டு பக்கமும் அடிக்கட்டும் விடு" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அந்தத் தப்பு உலகத்தில் நம் கடையைத் தவிர வேறெங்கும் இருக்க முடியாது.

"எனக்குன்னு ஒரு ஆளு இருக்கார்" என்று அக்கா சொன்ன ஆள் நீங்கள்.

உங்களுக்கு எப்போது தெரியும்? அதை மட்டும் எழுதுங்கள்.

தங்கை


ஆகஸ்ட் 9

அருமைத் தங்கைக்கு,

ஆசி சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

கலங்கரை விளக்கத்தின்போது சத்தியமாகத் தெரியாது. எனக்கு ஆள் பேர் நிற்காது. அந்த அம்மா எப்போதும் போனில்தான் கேட்பார். பொட்டலம் அவர் வேலை பார்த்த ஆபீசுக்குப் போகும், வீட்டு விலாசம் என்னிடம் கிடையாது. பேசும்போது நடுநடுவே இருமுவார். உன் அண்ணி 'இருமல் அம்மா' என்று பேர் வைத்திருந்தாள். வீட்டில் இருப்பவர்களை அவர் விவரிப்பார், நான் சொல்வேன், அவர் சிரிப்பார். அவருக்கு அப்படிக் கேட்கத் தெரிந்திருந்தது. உனக்கும் தெரிந்திருக்கிறது. அதே ஆட்களுக்கு அதே அளவு வந்தால் இந்தக் கிழட்டு மூளை அதே புத்தகத்தைத்தானே எடுக்கும்? உன் அத்தை பேயைத் தேட வேண்டாம், என் பழக்கதோஷம்தான் அது.

அத்தையின் புத்தகமும் இரண்டானது என்று மே மாதம் நீ எழுதியதும் தெரிந்துவிட்டது. வக்கீல்தான் கொலைகாரன் என்று நிறுத்திச் சொல்கிற மாமியார் உலகத்தில் இரண்டு பேர் இருக்க மாட்டார்கள். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. மழுப்பாமல் சொல்கிறேன், கணக்குப் போட்டேன். நீ போன வீட்டில் உன்னை ஒருத்தரும் தொடவில்லை. இப்போது கையைப் பிடிக்கிறார்கள். போகிற சரக்கை எவனாவது நிறுத்துவானா? அதனால் அந்தத் தபால்காரரைத் தெரிந்தேதான் அனுப்பினேன். மிளகுக்குக் கேட்டபோதுதான் பயந்தேன். எதை எடுத்தாலும் அது அவள் அம்மா ஏற்கனவே கொடுத்ததாகத்தான் இருக்கும். வேறு எதுவும் எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அந்த அம்மா கடைசியாகக் கூப்பிட்டபோது மிளகுக்கு ஒரு புத்தகம் கேட்டார். முடித்ததும், "இன்னொரு ஆளுக்கும் வேணுங்க" என்றார்.

"சொல்லுங்கம்மா."

"ஆளு யாருன்னு தெரியாது. பொம்பளை. எனக்கப்புறம் இந்த வீட்டுக்கு வரப்போறவ."

"என்னம்மா இது பேச்சு" என்றேன்.

"டாக்டர் சொல்லிட்டாரு. வீட்ல இன்னும் சொல்லல. நீங்க முகம் தெரியாத ஆளு, உங்ககிட்ட சொல்றது சுலபமா இருக்கு. அவ ரொம்ப பயந்துகிட்டே வருவா. என் பொண்ணு படுத்தி எடுக்கும். அவளுக்கு என்ன குடுக்கலாம்?"

"ஆளைத் தெரியாம எப்படிம்மா எடுக்கறது?" என்று சிரித்து மழுப்பினேன்.

"சரி, யோசிச்சு வைங்க. கூப்பிடறேன்" என்றார். இருமினார். வைத்துவிட்டார். பிறகு கூப்பிடவில்லை.

அந்த ஆள் நீ. நம் வீட்டில், என் பக்கத்தில், மிஷினில் உட்கார்ந்திருந்தாய். ஆளைத் தெரியாது என்று சொன்னேன்.

இப்போதும் போன் அடிக்கும்போது, யோசித்து வைத்தாயா என்று அவர் கேட்பது போலவே இருக்கிறது. இதையெல்லாம் யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதை நீ முடிவு செய்துகொள்.

அண்ணன்


ஆகஸ்ட் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் மேல் கோபம் இருக்கிறது. அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுதுகிறேன்.

மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அக்காவின் நோய் அவருக்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதை. அது அக்காவுக்கும் உங்களுக்கும் எனக்கும் நடுவில் கிடக்கட்டும்.

அவர்தான் முதலில் பேசினார். "அப்ப நீ ஒண்ணும் பண்ணல" என்றார், ஏதோ என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வது போல. முன்பு போலத் தலையைத் தடவுவதில்லை. குனிந்துதான் சாப்பிடுகிறார். நேற்று மட்டும் என் சுருக்குப்பையைப் பார்த்து, "இது நீ தைச்சதா?" என்று கேட்டார். சின்னக் கேள்விதான். என்னைக் கேட்டது.

அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. "அண்ணனும் தங்கச்சியும் என்ன கதை வேணா சொல்லுங்க. உங்கண்ணன் கைய அலமாரிப் பக்கம் தள்ளிவிட்டது யாரு? அவதான்" என்கிறார். அவரோடு யார் வாதாடுவது. ஆனால் அந்தப் பெயரால் கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

மிளகு முழுக்கக் கேட்டாள். பிறகு, "எங்கம்மா போன்ல சிரிப்பாங்களா?" என்றாள். "நிறைய சிரிப்பாங்களாம்" என்றேன். அறைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் மிஷின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கடைசியா கேட்டாங்களே, அதை உங்கண்ணன் குடுத்துட்டாரா?"

"இல்ல."

"அப்ப அந்த ஆர்டர் இன்னும் பாக்கியா?"

"பாக்கிதான் போல."

"நம்பர் சொல்லுங்க" என்று உள்ளங்கையை நீட்டினாள். எழுதிக்கொடுத்தேன். அவள் பெட்டி இன்னும் வாசற்படி அருகில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வந்து அழைத்துப் போவதாகப் பேச்சு. நான் நூல் வாங்க வெளியே போகும்போது உங்களைக் கூப்பிடுவாள் என்று நினைக்கிறேன். நாளைக்கு நான் நூல் வாங்கப் போகிறேன். வேண்டிய நூல் எல்லாம் இருக்கிறது.

அண்ணி எடுக்க வேண்டாம். நீங்களே எடுங்கள்.

தங்கை


ஆகஸ்ட் 22

அருமைத் தங்கைக்கு,

என் மனமார்ந்த ஆசி. உன் கடிதம் இன்னும் என் கைக்கு வரவில்லை. அதற்கு முன் போன் வந்துவிட்டது. ஏனோ நானே எடுத்தேன்.

முதலில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "ஒரு ஆர்டர் பாக்கி இருக்காமே" என்றது குரல். அதே குரல். வயதுதான் குறைந்திருந்தது.

"இருக்கு பாப்பா. ஆளைப் பத்திச் சொன்னாத்தான் எடுக்க முடியும்."

"எனக்கு அவ்வளவா தெரியாது."

"தெரிஞ்சதைச் சொல்லு."

யோசித்தாள். "வாயில குண்டூசி வெச்சுக்கிட்டே இருப்பாங்க. யாராவது திட்டினா பதில் பேசாம இருக்கறதுக்குத்தான்னு நெனைக்கிறேன். எங்கம்மா நாற்காலியச் சுத்திக்கிட்டுப் போவாங்க, இருட்டுல கூட இடிச்சுக்க மாட்டாங்க. நான் சாப்பிடலன்னா அவங்களும் சாப்பிட மாட்டாங்க, ஆனா சாப்பிட்ட மாதிரி தட்டு கழுவுவாங்க. அது எனக்குத் தெரியும். புத்தகமே படிக்க மாட்டாங்க. நான் படிக்கிறப்ப மட்டும் மிஷினை நிறுத்திடுவாங்க."

உன்னோடு கூடப் பிறந்து வளர்ந்தவன் நான். உனக்கு என்ன புத்தகம் கொடுப்பது என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. அவள் சொல்லி முடிக்கும் முன் தோன்றிவிட்டது. எது என்று உன்னிடம் சொல்ல மாட்டேன், அது வாடிக்கையாளருடைய விஷயம். யோசிக்காமல் எடுத்த பழைய சரக்கில்லை என்பதை மட்டும் நம்பு. அந்த அம்மாவுக்கு அதை நான் ஒருபோதும் கொடுத்ததில்லை.

"இருக்கா உங்ககிட்ட?" என்றாள்.

புத்தகம் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே, கைக்கெட்டும் தட்டில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "கையிருப்பு இல்லையே பாப்பா. அச்சகத்துக்கு எழுதித்தான் வரவழைக்கணும். நாளாகும்" என்றேன்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வராதா?"

"வராது. பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளுக்கு அப்புறம்தான்."

"நான் பெரியம்மா வீட்டுக்குப் போயிடுவேனே."

"அந்த விலாசத்தைக் குடு, அங்கேயே அனுப்பிடறேன்."

"அங்கே எதுக்கு? அவங்க இங்கேதானே இருக்காங்க."

"அப்ப இங்கேயே அனுப்பறேன். உங்க சித்தி பிரிச்சுப் பாத்துப்பாங்க. தையல்காரி, கத்திரி கையிலேயே இருக்கும்."

"ஐயோ, அவங்க பிரிக்கக் கூடாது! தலையணைக்கு அடியில நான்தான் வெக்கணும். அதை எங்கம்மா சார்பா நான்தான் வெக்கணும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. விலை பேசும்போது கடைசியில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது தொழிலில் தெரிந்ததுதான். போனில் உங்கள் வீட்டுக் கடிகாரம் ஓடுவது கேட்டது.

"சரி, அது வர்ற வரைக்கும் இங்கே இருக்கேன்" என்றாள். "அது வந்ததும் போயிடுவேன்."

"நல்லது பாப்பா. உன் பேருக்கே அனுப்பறேன்."

இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போடு, அவள் கண்ணில் படக்கூடாது. பெட்டியை நீ தொடாதே, அவளே பிரித்து வைக்கட்டும். அச்சகத்தில் தாமதம் என்று அடுத்த மாதம் அவள் பேருக்கு ஒரு கார்டு போடுவேன். அதற்கடுத்த மாதம் காகிதத் தட்டுப்பாடு. அதற்குப் பிறகு என்ன சொல்வது என்று இப்போதே யோசிக்க ஆரம்பித்திருக்கிறேன். வியாபாரத்தில் இவ்வளவு காலம் இருந்தவனுக்கு அது ஒரு பெரிய விஷயமா?

மாப்பிள்ளையையும் அத்தையையும் கேட்டதாகச் சொல்.

அண்ணன்